பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரில இருந்து பிளக் வரைக்கும் கரண்ட்டைத் தேடுற வழி

பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் ஸ்டார்ட் ஆகாம நின்னுச்சுன்னா சுத்தி நிக்கிற நாலு பேர்ல மூணு பேர் கார்ப்பரேட்டரைத்தான் கை காட்டுவாங்க. ஜெட்டு அடைச்சிருக்கும், மிதவை சிக்கிருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நீங்களும் ரோட்டோரம் உக்காந்து கழட்டிக்கிட்டு இருப்பீங்க. இந்த வண்டில கார்ப்பரேட்டர் பிரச்சனை மாதிரி தெரியுறதுல முக்கால்வாசி கரண்ட் பிரச்சனைதான். அதனால கார்ப்பரேட்டரை ஒரு பக்கம் விடுங்க, முதல்ல கரண்ட்டைப் பாப்போம்.

நான் சொல்றது ரைட் சைடுல கியரு, லெஃப்ட்ல பிரேக்கு, பாயின்ட் (காயில் கரண்ட்டைத் திறந்து மூடுற சின்ன சுவிட்ச்), கண்டன்சர் வச்ச புல்லட் 350 பத்தி. 1955ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் பெருசா மாத்தாமயே ஓட்டுன டிசைன் அது, அதனால உங்க வண்டி எந்த வருஷத்து வண்டியா இருந்தாலும் பாயின்ட் வச்சதுன்னா கீழ சொல்றது பெரும்பாலும் செட் ஆகும். 6 வோல்ட் வண்டி, 12 வோல்ட் வண்டி ரெண்டுக்கும் வழி ஒண்ணுதான், பல்பும் காயிலும் மட்டும் அந்தந்த வோல்ட்டுக்கு ஏத்ததா இருக்கணும். யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒண்ணா சேந்த புது டிசைன்) வந்த பிறகு உள்ள வண்டில பாயின்ட்டே கிடையாது, அது வேற கதை.

கரண்ட் போற ரூட்டை ஒரு தடவை மனசுல ஏத்திக்கோங்க. பேட்டரில கிளம்புது, ஃபியூஸ், ஹெட்லைட் மேல இருக்குற ஆம்பியர் மீட்டர், சாவி சுவிட்ச், அப்புறம் காயிலோட பிரைமரி (முதல் கம்பிச் சுருள்), அங்க இருந்து பாயின்ட், பாயின்ட் வழியா பாடி எர்த்து. பாயின்ட் மூடி இருக்கும்போது காயில்ல கரண்ட் ஓடும், பாயின்ட் சட்டுனு திறக்கும்போது அந்த கரண்ட் கட் ஆகும், அந்த நொடிதான் காயிலோட ரெண்டாவது கம்பிச் சுருள்ல, அதாவது செகண்டரில, பல ஆயிரம் வோல்ட் கிளம்பி பிளக்ல பொறி அடிக்கும். கண்டன்சர் வேலை என்னன்னா பாயின்ட் திறக்கும்போது அங்கயே பொறி பறக்காம கட் ஆகுறதை சுத்தமா முடிச்சு வைக்கிறது. இன்ஜின் ரெண்டு சுத்து சுத்துனா பாயின்ட் ஒரு தடவைதான் திறக்கும், இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

முதல் வேலை பிளக்கைக் கழட்டுறது. கழட்டுன பிளக்கைத் திருப்பி வயர் முனைல இருக்குற பிளக் கேப்புலயே (மூடி) மாட்டி, அதோட இரும்பு உடம்பு ஹெட்டோட ஃபின்ல நல்லா ஒட்டுற மாதிரி வச்சுட்டு சாவிய போட்டு கிக் பண்ணுங்க. பிளக் ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க, அங்க இருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு. நீலமா தடியா டக் டக்னு சத்தத்தோட அடிச்சா கரண்ட் நல்லா இருக்குன்னு அர்த்தம். மஞ்சளா, ஆரஞ்சா, மெல்லிசா நூல் மாதிரி வந்தா அது கரண்ட்டே இல்லன்னு வச்சுக்கோங்க, ஏன்னா வெளில காத்துல அடிக்கிறது சுலபம், சிலிண்டருக்குள்ள கம்ப்ரஷன் அழுத்தத்துல அடிக்க இன்னும் நிறைய வோல்ட் வேணும், வெளில நொண்டுறது உள்ள சுத்தமா படுத்துரும். பிளக் முனைல இருக்குற இடைவெளி 0.5 மிமீ கிட்ட இருக்கணும், அதையும் அப்படியே பாத்துருங்க. வேற புது பிளக் ஒண்ணு கைல இருந்தா மாட்டிப் பாருங்க, ஆனா புது பிளக்ல வண்டி கிளம்பிருச்சுங்கிறதுக்காக அதோட விட்டுறாதீங்க, மூணு நாள்ல அந்த பிளக்கும் கறுத்துச்சுன்னா கோளாறு வேற எங்கயோ இருக்கு.

கரண்ட் வரலன்னா இங்கதான் எல்லாரும் கடைக்கு ஓடி பாயின்ட், கண்டன்சர், காயில்னு மூணையும் ஒண்ணா வாங்கிட்டு வந்து மாத்துவாங்க. வண்டி கிளம்பினாலும் எதனால கிளம்புச்சுன்னு தெரியாது, கிளம்பலன்னா இன்னும் மோசம், ஏன்னா இப்ப கடைல வாங்குற புது கண்டன்சர் பாதி நாள் அதுவே டெட்டா வருது. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், அதுவும் மாத்துறதுக்கு முன்னாடி கோளாறு எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிருக்கணும்.

அதுக்கு மீட்டர் எதுவும் வாங்க வேணாம், புல்லட் ஹெட்லைட் மேலயே ஒண்ணு இருக்கு. அந்த ஆம்பியர் மீட்டர் முள்ளை நிறைய பேர் அழகுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, இந்த வண்டிலயே பெரிய உபயோகமான சாமான் அதுதான். லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிக்கோங்க, பிரேக்கை மிதிச்சு பிடிக்காதீங்க, சாவிய போடுங்க, டீகம்ப்ரஷர் லிவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளில விடுறது) இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை கையாலயோ காலாலயோ மெதுவா மெதுவா அழுத்துங்க, கண்ணு முள்ளு மேல இருக்கட்டும். பாயின்ட் மூடுனா முள்ளு மைனஸ் பக்கம் சாயும், பாயின்ட் திறந்தா நடுவுக்கு வந்துரும். ஒரே அழுத்துல தெரியலன்னா ரெண்டு மூணு தடவை கிக்கரை அழுத்தணும், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான்னு சொன்னேன்ல.

இப்ப முள்ளு என்ன சொல்லுதுன்னு பாப்போம். ஒழுங்கா சாஞ்சு நடுவுக்கு வந்து திரும்ப சாஞ்சுச்சுன்னா பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், காயில் பிரைமரி, பாயின்ட் எல்லாம் வேலை செய்யுது, கோளாறு அதுக்கு அந்தப் பக்கம், அதாவது கண்டன்சர், காயிலோட செகண்டரி, ஹெச்டி வயர் (காயில்ல இருந்து பிளக்குக்கு போற தடி வயர்), பிளக் கேப், பிளக் இதுல ஒண்ணு.

முள்ளு அசையவே இல்லன்னா எங்கயோ ரூட் கட்டு. ஹாரன் அடிச்சுப் பாருங்க, ஹாரனும் இல்லன்னா பேட்டரி டெர்மினல்ல பச்சையா பூத்திருக்கா, ஃபியூஸ் ஹோல்டர்ல ஃபியூஸ் லூசா ஆடுதா, பாடி எர்த் வயர் போல்ட்டு துரு ஏறியிருக்கான்னு இந்த வரிசைல பாருங்க. ஹாரன் நல்லா கத்துது ஆனா முள்ளு அசையலன்னா ஒரு இன்டிகேட்டர் பல்புல ரெண்டு வயர் சால்டர் பண்ணி வச்சுக்கோங்க, அதான் டெஸ்ட் லாம்ப், ஒரு முனைய இன்ஜின்ல எர்த் பண்ணிட்டு இன்னொரு முனைய காயிலுக்கு சாவில இருந்து வர்ற டெர்மினல்ல வைங்க. எரியலன்னா சாவி சுவிட்சு இல்ல அதுக்கு முன்னாடி வயரு. எரிஞ்சா காயிலோட இன்னொரு டெர்மினல், பாயின்ட்டுக்கு போற பக்கம், அதுல வச்சு கிக்கரை மெதுவா சுத்துங்க. பாயின்ட் திறந்தா எரியணும், மூடுனா அணையணும். எப்பவுமே எரிஞ்சுக்கிட்டே இருந்தா பாயின்ட் அழுக்கா இருக்கு இல்ல பாயின்ட்டுக்கு போற வயர் கட்டு. சுத்தமா எரியவே இல்லன்னா காயில் பிரைமரியே போயிருச்சு.

மூணாவது கேஸ், முள்ளு மைனஸ்ல சாஞ்சது சாஞ்சபடியே நிக்குது, எவ்வளவு சுத்துனாலும் நடுவுக்கு வரல. பாயின்ட் திறந்தாலும் கரண்ட் எர்த்துக்குப் போய்க்கிட்டே இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு பாயின்ட் திறக்கவே இல்ல, அதோட இடைவெளி சுத்தமா போயிருச்சு, இல்ல கண்டன்சர் உள்ள ஷார்ட், இல்ல எங்கயோ வயர் பாடில உரசுது, இல்லன்னா பாயின்ட்டை யாரோ புதுசா மாட்டும்போது வாஷரை மாத்திப் போட்டுட்டாங்க. கண்டன்சர் வயரைக் கழட்டி விட்டுட்டு திரும்ப சுத்திப் பாருங்க, முள்ளு ஒழுங்கா ஆட ஆரம்பிச்சா குற்றவாளி கண்டன்சர்தான். இதுல இன்னொரு விஷயம், சாவிய போட்டு அப்படியே மறந்துட்டு டீ குடிக்கப் போயிறாதீங்க, பாயின்ட் மூடின நிலைல நின்னுச்சுன்னா காயில் கொதிச்சு போயிரும்.

இப்ப பாயின்ட்டுக்கு வருவோம். சிலிண்டருக்குப் பின்னாடி ரைட் சைடுல நிக்கிற ரவுண்டு டப்பாதான் டிஸ்ட்ரிபியூட்டர், மூடியக் கழட்டுனா உள்ள ஒரு பிளேட்டு, நடுவுல கேமு, பக்கத்துல பாயின்ட், கண்டன்சர். ஸ்க்ரூடிரைவர் முனையால பாயின்ட்டை லேசா நெம்பித் திறந்து ரெண்டு முகத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. சாம்பல் கலர்ல மங்கலா சமமா இருந்தா பரவால்ல. கறுத்து கருகி இருந்தாலோ எண்ணெய் பிசுக்கு இருந்தாலோ சுத்தம் பண்ணணும். ஒரு முகத்துல சின்ன குழியும் எதிர் முகத்துல அதுக்கு ஜோடியா ஒரு மேடும் வந்திருந்தா கண்டன்சர் மேல சந்தேகம் வைங்க, பாயின்ட்டை மட்டும் மாத்துனா அடுத்ததும் அதே மாதிரி போகும்.

சுத்தம் பண்ண பாயின்ட் ஃபைல் இருந்தா நல்லது, இல்லன்னா ரொம்ப நைசான எமரி பேப்பரை மடிச்சு நடுவுல விட்டு ரெண்டு இழு, அவ்வளவுதான், கண்ணாடி மாதிரி ஆக்கணும்னு தேய்ச்சு தீத்துறாதீங்க. அப்புறம் பெட்ரோல் நனைச்ச சுத்தமான துணி, கடைசியா காஞ்ச வெள்ளைப் பேப்பரை பாயின்ட் நடுவுல விட்டு மூடி இழுங்க, பேப்பர்ல கறுப்பு கோடு வராத வரைக்கும். எமரி தூள் ஒரு துளி நடுவுல நின்னாலும் கரண்ட் வராது. புது பாயின்ட் வாங்கினாலும் இதை செய்யணும், துரு பிடிக்காம இருக்க மேல ஒரு பூச்சு தடவி வரும், அதைத் துடைக்காம மாட்டிட்டு புது சாமான் போட்டும் வண்டி கிளம்பலன்னு புலம்புறவங்க நிறைய.

வாஷர் விஷயம் சொன்னேன்ல, அதை இங்க கொஞ்சம் நின்னு பாருங்க. அசையுற பாயின்ட்டோட ஸ்ப்ரிங் பட்டை ஒரு சின்ன போல்ட்ல மாட்டும், காயில்ல இருந்து வர்ற வயரும் கண்டன்சர் வயரும் அந்த ஸ்ப்ரிங் பட்டையைத்தான் தொடணும், அந்த போல்ட்டோட சேந்த பிராக்கெட்டை தொடவே கூடாது. நடுவுல இருக்குற ஃபைபர் வாஷரும் சின்ன ஃபைபர் குழாயும் அதுக்குத்தான். கழட்டும்போது வரிசைய போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஒரு வாஷர் இடம் மாறுனா போதும், பாயின்ட் திறந்திருந்தாலும் மூடின மாதிரியே கணக்கு, பார்வைக்கு எல்லாம் பளபளன்னு சரியா இருக்கும், முள்ளு மட்டும் மைனஸ்ல செத்த மாதிரி நிக்கும்.

பாயின்ட் கேப் (திறக்கும்போது இருக்குற இடைவெளி) வைக்க, கேம் மேடு பாயின்ட்டை முழுசா தூக்குற இடத்துக்கு இன்ஜினை சுத்திக் கொண்டு வாங்க, வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போட்டு டாப் கியர்ல வச்சு பின் சக்கரத்தை கையால சுத்துனா அழகா வரும், பிளக்கைக் கழட்டி வச்சுட்டு சுத்துங்க. ஃபீலர் கேஜ்ல 0.35ல இருந்து 0.40 மிமீ. தகடு லேசா பிடிச்சுக்கிட்டு போகணும், திணிக்கக் கூடாது, லொடலொடன்னும் போகக் கூடாது. ஸ்க்ரூவை டைட் பண்ணதும் கேப் கொஞ்சம் நகரும், அதனால டைட் பண்ணிட்டு திரும்ப ஒரு தடவை அளந்துருங்க. கேம் மேல உரசுற ஃபைபர் குதிகாலுக்கு ஒரு சிட்டிகை கிரீஸ், அதுக்கு மேல வச்சா சூடாகி உருகி பாயின்ட் மேலதான் தெறிக்கும்.

கண்டன்சர் கெட்டுப்போனா எப்படித் தெரியும்? மூடியக் கழட்டிட்டு சாயங்காலம் வெளிச்சம் மங்குன நேரத்துல யாரையாவது கிக் பண்ணச் சொல்லிட்டு பாயின்ட்டைப் பாருங்க. திறக்கும்போது ஊசி முனை அளவு பொறி வந்தா சகஜம். வெல்டிங் மாதிரி வெள்ளையா நீலமா பளிச்சுன்னு பறந்துச்சுன்னா கண்டன்சர் அவுட், அந்த நேரம் பிளக்ல கரண்ட் மெல்லிசா மஞ்சளாத்தான் வரும். வண்டி ஓடும்போது மிஸ்ஸிங், சைலன்சர்ல படார் படார்னு வெடி, ஐடிலிங் நிக்காது, இதெல்லாம் அதோட அறிகுறி. இதுக்கு நம்ம ஊரு மெக்கானிக்குங்க ரொம்ப நாளா செய்ற வழி ஒண்ணு இருக்கு, பழைய பாயின்ட் கண்டன்சர் சிஸ்டம் வச்ச கார் கண்டன்சர் ஒண்ணு வாங்கி, பழசை கழட்டி விட்டுட்டு, புதுசோட உடம்பை நல்ல எர்த் கிடைக்கிற எடத்துல போல்ட் பண்ணி, வயரை காயில்ல இருந்து பாயின்ட்டுக்கு போற டெர்மினல்ல கொடுத்துருவாங்க. டிஸ்ட்ரிபியூட்டர் டப்பாக்குள்ள சிலிண்டர் சூட்டுல வேகுறதை விட வெளில காத்தோட்டமா இருக்குறது அதுக்கும் நல்லது, மாத்தணும்னாலும் ஒரு போல்ட் வேலை. எர்த் மட்டும் பெயிண்ட் மேல கொடுக்காதீங்க, சுரண்டிட்டுக் கொடுங்க.

காயில், ஹெச்டி வயர், பிளக் கேப் பத்தி சுருக்கமா. மல்டிமீட்டர் இருந்தா 12 வோல்ட் காயில் பிரைமரி மூணு நாலு ஓம்ஸ் கிட்ட காட்டும், செகண்டரி ஆயிரக்கணக்குல காட்டும், ஒண்ணுமே காட்டலன்னா உள்ள கட்டு. ஹெச்டி வயர் லீக்கை இருட்டுல வண்டிய ஓட விட்டுப் பாருங்க, நீலமா ஃபிரேமுக்கு தாவுறது கண்ணுக்கே தெரியும், கையால மட்டும் தொட்டுப் பாக்காதீங்க. மழைல நனைஞ்சதும் நிக்கிற வண்டின்னா கேப்புக்குள்ளயும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளயும் தண்ணி, துடைச்சு காய வச்சா போதும், கேப் ரப்பர் வெடிச்சிருந்தா மாத்திருங்க.

இன்னொரு ரகம் இருக்கு, காலைல ஒரே கிக்குல கிளம்பும், பத்து பதினஞ்சு கிலோமீட்டர் போனதும் மூச்சு முட்டி நிக்கும், அரை மணி நேரம் நிழல்ல போட்டா திரும்ப ஒண்ணும் தெரியாத மாதிரி கிளம்பும். சூடானா போகுற கண்டன்சர் இல்ல காயில்தான் பெரும்பாலும். ஆனா அதை மாத்துறதுக்கு முன்னாடி, நின்ன உடனே பெட்ரோல் டேங்க் மூடியத் திறந்து பாருங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்து அப்புறம் வண்டி கிளம்புச்சுன்னா மூடில இருக்குற காத்து ஓட்டை அடைச்சிருக்கு, கரண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, செலவும் இல்ல. மூடிய திறந்தும் கிளம்பலன்னா அந்த சூட்டோடயே பிளக்கைக் கழட்டி கரண்ட் பாருங்க, ஆறின பிறகு பாத்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும்.

டைமிங்கை, அதாவது பொறி எப்ப அடிக்கணும்ங்கிறதை, கடைசியா வச்சதுக்கு காரணம் இருக்கு. பாயின்ட் கேப்பை மாத்துனா டைமிங்கும் மாறும், கேப் கூடுனா பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும், கேப் கொறைஞ்சா லேட்டா திறக்கும், ரிடார்ட் ஆகும். அதனால எப்பவும் கேப் முதல்ல, டைமிங் அடுத்து, மாத்தி செஞ்சா ரெண்டு தடவை வேலை. பிளக் ஓட்டைல கட்டை விரலை வச்சுக்கிட்டு பின் சக்கரத்தை முன்னால சுத்துங்க, காத்து விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக், அங்க இருந்து பிஸ்டன் உச்சிக்கு வரணும். உச்சியக் கண்டுபிடிச்சுட்டு சக்கரத்தை நல்லா பின்னாடி திருப்பி, மறுபடி முன்னாடி கொண்டு வந்து உச்சிக்கு 0.8 மிமீ கீழ நிப்பாட்டுங்க, நேரா பின்னாடி திருப்பி அங்கயே நிப்பாட்டுனா கியரோட ஆட்டம் கணக்கைக் கெடுத்துரும். அளக்க டைமிங் கேஜ் கிடைச்சா நல்லது, சைக்கிள் போக்ஸ் கம்பி விட்டு அளக்குறவங்களும் உண்டு, பிளக் ஓட்டை சாய்வா இருக்குறதால அந்த அளவு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், கம்பிய மட்டும் விட்டுட்டு இன்ஜினை வேகமா சுத்திறாதீங்க.

அந்த இடத்துல பாயின்ட் அப்பதான் திறக்க ஆரம்பிக்கணும். பாயின்ட் பிளேட்டை பிடிச்சிருக்குற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, டெஸ்ட் லாம்ப் பாயின்ட் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவுல இருக்கட்டும், சாவி ஆன்ல இருக்கட்டும், லாம்ப் மினுக்குன்னு எரியுற இடத்துல டைட் பண்ணிருங்க. லாம்ப் இல்லன்னா ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற இடமும் அதேதான். அப்புறம் ஓட்டிப் பாத்து முடிவு பண்ணுங்க, டாப் கியர்ல ஏத்தத்துல ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது உள்ள டிக்டிக்டிக்னு சத்தம் வந்தா அட்வான்ஸ் அதிகம், இழுவை இல்லாம சோம்பலா போய் பெண்ட் பைப் ஓவரா கொதிச்சா ரிடார்ட். டுப்பு டுப்புன்னு பீட் கேக்கணும்னு டைமிங்கை வேணும்னே ரிடார்ட்ல வைக்கச் சொல்றவங்க இருக்காங்க, தெருவுல கேக்க நல்லாத்தான் இருக்கும், இன்ஜின் சூட்டையும் பெட்ரோலையும் யார் பாக்குறது.

கிக் அடிச்சா திருப்பி அடிக்குதுன்னா விளையாடாதீங்க, கணுக்கால் உடைஞ்ச ஆளுங்க இருக்காங்க. டைமிங் அட்வான்ஸ் அதிகமா இருக்கலாம், இல்ல பாயின்ட் பிளேட்டுக்கு அடியில இருக்குற ஆட்டோ அட்வான்ஸ் வெயிட்டு துரு பிடிச்சு விரிஞ்ச நிலையிலயே சிக்கியிருக்கலாம். கேமை விரலால லேசா திருக்கி விட்டா ஸ்ப்ரிங் இழுத்து டக்குனு பழைய எடத்துக்கு வரணும், வரலன்னா கழட்டி சுத்தம் பண்ணி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தா ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. கிக் பண்ற முறையும் முக்கியம், கிக்கரை அழுத்தி கம்ப்ரஷன் தட்டுற இடம் வந்ததும் டீகம்ப்ரஷரை இழுத்து, முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் மெதுவா தாண்ட விட்டு, லிவரை விட்டுட்டு, கிக்கரை மேல கொண்டு வந்து ஒரே மிதி, கடைசி வரைக்கும். ரப்பர் செருப்போட மிதிக்காதீங்க.

எலக்ட்ரானிக் கிட் போட்டா இந்தத் தொல்லையே இல்லையேன்னு கேப்பீங்க. நல்லதுதான், தினமும் ஆபீசுக்கு ஓட்டுறவங்க போட்டுக்கலாம். எனக்கு பாயின்ட்தான் பிடிக்கும், ஏன்னா நடுவழில நின்னா அதை எமரி பேப்பரால சரி பண்ணலாம், கிட் போச்சுன்னா லோடு ஆட்டோதான். பாயின்ட்டோட ஓட்டுறதா இருந்தா டூல் பாக்ஸ்ல ஒரு பிளக், ஒரு கண்டன்சர், ஃபீலர் கேஜ், அந்த இன்டிகேட்டர் பல்பு, எமரி துண்டு, பிளக் ஸ்பானர் இவ்வளவு போதும். புது பாயின்ட் மாட்டும்போது கழட்டுன பழசு ஓரளவு நல்லா இருந்தா சுத்தம் பண்ணி கேப் வச்சு ஓடுதான்னு பாத்து அதையும் துணில சுத்தி உள்ள போட்டு வைங்க, ஏற்கனவே உங்க வண்டில ஓடின சாமான், கடைல வாங்கி பாக்கெட் பிரிக்காத புதுசை விட அதை நம்பலாம்.